கடல் பசுவைக் காக்கப் பாடம் படிக்கிறார்கள்!

புதுக்கோட்டை என்றதும் எது நினைவுக்கு வருகிறது? சித்தன்னவாசல் ஓவியம் வருகிறது. திருமயம் கோட்டை வருகிறது. குடுமியான்மலைக் கல்வெட்டு வருகிறது. கடல் மட்டும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974-ல் திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து சில பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டத்தை உண்டாக்கினார்கள். தஞ்சையிலிருந்து வந்த அறந்தாங்கிப் பகுதியோடு கடலும் கூடவே வந்தது!

கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய ஊர்கள் இந்தக் கரையில் இருக்கின்றன. எதிரே இருப்பது பாக் விரிகுடா. ஆழம் குறைந்த கடல். கடலின் அடியில் பச்சைப் பசேலென்று புல்வெளிகள் இருக்கின்றன.

அந்தப் புல்வெளியில் ஒரு பசு மேய்கிறது. அதைக் காப்பது எப்படி என்று படிக்க இளைஞர்கள் கடற்கரைக்கு வருகிறார்கள்.

கொம்பில்லாத பசு

அதற்குக் கடல் பசு என்று பெயர். மீனவர்கள் "ஆவுளியா" என்பார்கள். கொம்பு கிடையாது. கால்களும் கிடையாது. முன்னால் இரண்டு துடுப்புகள், பின்னால் திமிங்கலத்துக்கு இருப்பது போன்ற வால், கீழ்நோக்கி வளைந்த தடித்த மூஞ்சி. இவைதாம் அதன் அடையாளம்.

வளர்ந்த ஆவுளியா சுமார் 10 அடி நீளம் இருக்கும். எடை 400 கிலோ வரை இருக்கும். ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் புல் தின்னும். மீனைத் தேடிப் போகாது. மனிதனைக் கடிக்காது. யானைக்கு இது தூரத்து உறவு என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

இது மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. தாயின் முலை, துடுப்புக்குப் பக்கத்தில் அக்குளில் இருக்கிறது. குட்டி அங்கே ஒட்டிக்கொண்டு பால் குடிக்கும். இதைத் தூரத்திலிருந்து பார்த்த பழங்கால மாலுமிகள்தாம் "கடல் கன்னி" கதையைக் கட்டிவிட்டார்கள் என்று சொல்வதுண்டு.

மீன் அல்ல என்பதிலேதான் அதன் ஆபத்தும் இருக்கிறது. மீனைப் போல் நீருக்குள் அதனால் சுவாசிக்க முடியாது. சில நிமிஷங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு போக வேண்டும். அடியில் கட்டிய வலையில் சிக்கிக்கொண்டால் மேலே வர முடியாது. கடலிலேயே வாழும் பிராணி, கடலிலேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகிறது!

ஒன்று போனால்...

ஆடு மாடு போல் ஆவுளியா பெருகுவதில்லை. ஒரு தாய் 13 அல்லது 14 மாதம் குட்டியைச் சுமக்கிறது. ஒரு முறைக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டி பிறக்க 3 முதல் 7 வருஷங்கள் வரை ஆகும். 70 வயது வரை வாழக்கூடிய பிராணிதான். ஆனால் அந்த ஆயுளில் அது போடும் குட்டிகள் சொற்பம்.

இந்தியா முழுவதிலும் சுமார் 240 ஆவுளியாக்களே இருக்கலாம் என்று தமிழக அரசு காப்பகம் அறிவித்தபோது தெரிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் கடலில்தான் இருக்கின்றன. ஒரு கிராமத்தின் ஆட்டு மந்தைகளைக் கணக்கெடுத்தால்கூட இதைவிட அதிகம் இருக்குமே! இந்த நிலையில் ஒரு தாய் வலையில் சிக்கிச் செத்தால், அது எவ்வளவு பெரிய நஷ்டம்!

உலகத்தில் இதற்கு ஒரு பாடம் உண்டு. வடக்கே ரஷ்யாவை ஒட்டிய குளிர்ந்த கடலில் ஸ்டெல்லர் என்ற விஞ்ஞானி 1741-ல் ஒரு பெரிய கடல் பசு இனத்தைக் கண்டார். அது ஆவுளியாவைவிடப் பல மடங்கு பெரியது. வேட்டைக்காரர்கள் அதை இறைச்சிக்காகக் கொன்று குவித்தார்கள். 1768-ல் அந்த இனமே பூண்டோடு அழிந்துவிட்டது. கண்டுபிடித்த 27 வருஷத்துக்குள் கதை முடிந்தது!

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. சீனக் கடலிலிருந்து ஆவுளியா மறைந்தே போய்விட்டது என்று விஞ்ஞானிகள் 2022-ல் அறிவித்தார்கள்.

448 சதுர கிலோமீட்டர்

அதே 2022-ஆம் வருஷம், செப்டம்பர் 21-ந் தேதி, தமிழக அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல் பசுவுக்கென்று ஏற்பட்ட முதல் காப்பகம் இதுதான். இந்தக் காப்பகத்தில் 12,250 ஹெக்டேருக்கு மேல் கடல் புல்வெளி இருக்கிறது. 2025-ல் அபுதாபியில் கூடிய உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாடும் இந்தக் காப்பகத்தை அங்கீகரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

ஆனால் கடலுக்கு வேலி போட முடியுமா? காவல்காரனை நிறுத்த முடியுமா? ஆவுளியா எங்கே மேய்கிறது, எப்போது வருகிறது, எதனால் சாகிறது என்று தெரிந்தால்தானே காப்பாற்றலாம்?

இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டும். டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் 2016-ல் ஆவுளியாவுக்கென்று தனித் திட்டம் தொடங்கிப் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் கடல்களில் ஆராய்ச்சி நடத்தியது. தஞ்சை மாவட்டம் வெளிவயலில் ஓம்கார் பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் கடல் புல்லைப் பற்றி வேலை செய்கிறது. விலங்கியல், தாவரவியல், மீன்வளம் படித்த இளைஞர்கள் இத்தகைய ஆராய்ச்சிகளில் சேர்ந்து பயிற்சி பெறுகிறார்கள். பரங்கிப்பேட்டையிலும், நாகப்பட்டினத்திலும், தொண்டியிலும் கடலைப் பற்றிய உயர்படிப்புகள் இருக்கின்றன.

மண்டபத்தில் வளர்ந்த ஜோடி

இந்த ஆராய்ச்சி நேற்று முளைத்ததல்ல. ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் அந்தக் காலத்தில் இயங்கிவந்தது. 1959-ல் அங்கே ஓர் ஆண் ஆவுளியாவையும் ஒரு பெண் ஆவுளியாவையும் வைத்து வளர்க்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய பத்து வருஷம் அவை அங்கே வாழ்ந்தன. அவை எப்படித் தின்கின்றன, எப்படி மூச்சு விடுகின்றன என்று எஸ். ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி கவனித்து எழுதினார். கடல் பசுவை இத்தனை காலம் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு அப்போது உலகத்தில் வெகு சிலருக்கே கிடைத்திருந்தது.

இன்று அதைத் தொட்டியில் அடைப்பதில்லை. கடலிலேயே தேடுகிறார்கள்.

முதல் ஏமாற்றம்

பயிற்சிக்கு வரும் மாணவர் மனத்தில் ஒரு படம் இருக்கும். நீல நிறக் கடல், பக்கத்தில் நீந்தும் ஆவுளியா, கையில் காமிரா. வந்த பிறகுதான் தெரியும், அந்தப் பிராணியைக் கண்ணால் பார்க்காமலே பயிற்சியை முடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு என்பது!

ஆவுளியா கூச்சம் மிகுந்த பிராணி. படகுச் சத்தம் கேட்டால் விலகிப் போய்விடும். மூச்சு வாங்க வரும்போதும் மூக்கு நுனிதான் தெரியும். இரண்டு விநாடியில் மறைந்துவிடும். மழைக்காலத்தில் வாடைக் காற்று வீசினால் கடல் கலங்கிவிடும், ஒன்றுமே தெரியாது.

அப்படியானால் மாணவர் எதைப் படிக்கிறார்? புல்லைப் படிக்கிறார்!

கடலடியில் உழவுச் சால்

விடியற்காலையில் காற்று எழுவதற்கு முன் படகு புறப்படும். குறித்த இடத்தில் நங்கூரம் போடுவார்கள். கடலடியில் நீளமாகக் கயிறு விரிப்பார்கள். கயிற்றை ஒட்டி அங்கங்கே ஒரு சதுரச் சட்டத்தை வைப்பார்கள். சட்டத்துக்குள் எத்தனை வகைப் புல், எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு உயரம் என்று பார்த்து எழுத வேண்டும். நீருக்குள் எழுதுவது எப்படி? நனையாத பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுகிறார்கள்.

இது பாசி அல்ல, பூக்கும் தாவரம். வேர் உண்டு. நீருக்குள்ளேயே பூக்கும், காய்க்கும், விதை விழும். ஆவுளியா இலையை மட்டும் கடித்துவிட்டுப் போவதில்லை. வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே முன்னேறும். அது போன வழியில் ஒரு சாண் அகலத்துக்குப் புல் இல்லாத கோடு ஒன்று நீண்டு கிடக்கும். வயலில் ஏர் உழுத சால் போலவே இருக்கும்.

மாணவருக்கு அந்தச் சால்தான் கடிதம். புதிதாக இருந்தால், ஆவுளியா இப்போதுதான் வந்துபோயிருக்கிறது. அதில் புல் மறுபடி முளைத்திருந்தால், வந்து நாளாகிவிட்டது. பெரிய சாலுக்குப் பக்கத்திலே ஒடுக்கமான சால் தெரிந்தால், குட்டியும் கூட வந்திருக்குமோ என்று கவனிப்பார்கள். பிராணியைப் பார்க்காமலே அதன் வரவை அறிந்துகொள்ளலாம்.

புல் அழிந்துபோன இடத்தில் மறுபடி நடுவதும் உண்டு. மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிற்றைக் கட்டி, அதில் புல்லைச் செருகிக் கடலடியில் இறக்குகிறார்கள். மூங்கிலும் கயிறும் சில மாதங்களில் மக்கிப்போகும். புல் வேர் பிடித்து நிற்கும். வயலில் நாற்று நடுவதைப் போலத்தான். இடுப்பளவு நீரில் குனிந்து குனிந்து நட வேண்டும்.

வாத்தியார் கரையில் இருக்கிறார்

புல்லைப் படிப்பது பாதிப் பாடம். மீதிப் பாடம் கரையில் இருக்கிறது. அதற்கு வாத்தியார், மீனவர்.

மாணவர் கையில் கேள்வித்தாளோடு ஊர் ஊராகப் போகிறார். வலையைச் சீர்செய்துகொண்டிருக்கும் பெரியவருக்குப் பக்கத்தில் உட்காருகிறார். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

"ஐயா, ஆவுளியா பார்த்திருக்கீங்களா?"

"ஏன் கேட்கிறீங்க, தம்பி? கவர்மெண்டு ஆளா?"

இந்த ஒரு கேள்விக்குள் எல்லாச் சங்கதியும் இருக்கிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆவுளியா இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. கொன்றால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை. ஒரு காலத்தில் கடற்கரை ஊர்களில் ஆவுளியா இறைச்சியை விற்றார்கள், தின்றார்கள். இன்று அது குற்றம்.

ஆனால் வேண்டுமென்று பிடிப்பது ஒன்று. தானாகச் சிக்குவது வேறொன்று. மீனவர் மாலையில் வலை விட்டுவிட்டுக் காலையில் போகிறார். திருக்கைக்கு விட்ட வலையில் ஆவுளியா செத்துக் கிடக்கிறது. அவர் என்ன செய்வார்? சொன்னால் வழக்கு வருமோ என்ற பயம். சொல்லாமல் கடலில் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படி மறைந்துபோகும் ஒவ்வொரு சாவோடும், அந்தப் பிராணி எங்கே, எந்த வலையில், எந்த மாதத்தில் செத்தது என்ற தகவலும் மறைந்துபோகிறது. அந்தத் தகவல் இல்லாமல் அடுத்ததைக் காப்பாற்ற வழி ஏது?

ஆகவே மாணவர் கற்க வேண்டிய முதல் வித்தை நீச்சல் அல்ல, நம்பிக்கையைப் பெறுவது. வந்த அன்றே கேள்வித்தாளை நீட்டினால் பதில் வராது. நாலு நாள் கரையில் உட்கார்ந்து, மீனின் பெயரையும் வலையின் பெயரையும் காற்றின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டால், ஐந்தாம் நாள் பெரியவர் தாமாகவே சொல்வார்: "தம்பி, அந்தக் காலத்தில் எங்கப்பா கூடப் போகும்போது கூட்டமாகப் பார்த்திருக்கேன். இப்போ ஒண்ணு ரெண்டுதான்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மாணவர் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு முந்திய கடலைப் பற்றி ஆராய்ச்சிப் புத்தகத்தில் இல்லாத விஷயம் அந்தப் பெரியவரின் ஞாபகத்தில் இருக்கிறது.

மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பாடம்

கரையில் ஆவுளியா செத்து ஒதுங்கியதாகத் தகவல் வரும். வனத் துறையினரும் கால்நடை டாக்டரும் வருவார்கள். மாணவரும் கூடப் போவார். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனாலும் நீளம் அளக்க வேண்டும். ஆணா, பெண்ணா என்று பார்க்க வேண்டும். உடம்பில் வலைத் தழும்பு உண்டா, படகு மோதிய காயம் உண்டா என்று குறிக்க வேண்டும். டாக்டர் வயிற்றைக் கிழித்து என்ன தின்றது என்று பார்ப்பார். ஆவுளியாவின் தந்தப் பல்லை அறுத்துப் பார்த்தால் மரத்துக்கு இருப்பது போன்ற வளையங்கள் தெரியும். அவற்றை எண்ணி வயதைச் சொல்லலாம்.

பயிற்சிக்கு வந்த ஞாபகமாக ஒரு சிறு எலும்பைக்கூட மாணவர் எடுத்துப் போகக்கூடாது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வசதி குறைவு, வேலை அதிகம்

இந்தப் பயிற்சிக்குப் பல இடங்களில் சம்பளம் கிடையாது. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கைக்காசு செலவாகும். வெயிலில் தோல் உரியும். படகில் தலை சுற்றும். பகலெல்லாம் கடலில் அலைந்துவிட்டு, இரவில் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பெண் பிள்ளைகளும் இந்த வேலைக்கு வருகிறார்கள். கரையில் மீன் பிரிக்கும் பெண்களிடம் அவர்கள் சுலபமாகப் பேசிப் பல விஷயங்களைத் தெரிந்துகொள்கிறார்கள்.

வர விரும்புகிறவர்களுக்குச் சில யோசனைகள்: நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். தாவரங்களையும் பிராணிகளையும் இனம் பிரித்தறியப் பழகுங்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதப் பழகுங்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதீர்கள். "இன்று ஒன்றும் தென்படவில்லை" என்று எழுதுவதும் ஆராய்ச்சிதான்.

வலையை அறுக்கும் கை

எவ்வளவு படித்தாலும், கடைசியில் ஆவுளியாவின் உயிர் ஒரு மீனவர் கையில்தான் இருக்கிறது. நடுக்கடலில் அது வலையில் துடிக்கும்போது பக்கத்தில் விஞ்ஞானி இருப்பதில்லை, அதிகாரி இருப்பதில்லை. மீனவர்தான் இருக்கிறார். இருப்பது சில நிமிஷங்கள். கத்தியை எடுத்து வலையை அறுத்தால் பிராணி பிழைக்கும். ஆனால் அந்த வலை அவருடைய சோறு. கடன் வாங்கி வாங்கிய வலையாகவும் இருக்கலாம்.

அந்த நிலையிலும் வலையை அறுத்து ஆவுளியாவை விட்ட மீனவர்கள் இந்தக் கரையோரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாராட்டும் பரிசும் வழங்கப்பட்டிருக்கின்றன. இந்திய வனவிலங்கு நிறுவனம் தன் திட்டத்தில் மீனவர்களையே தொண்டர்களாகச் சேர்த்துக்கொண்டது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு ஆவுளியாவின் பெயரிலேயே உதவித்தொகையும் கொடுத்தது.

ஆவுளியா சிக்கினால் செய்ய வேண்டியது இதுதான்: முதலில் அதன் மூக்கை நீருக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு வலையை அறுக்க வேண்டும். வாலில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. கரைக்குக் கொண்டுவரவும் கூடாது. இருக்கும் இடத்திலேயே விட்டுவிட வேண்டும். பிறகு வனத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

பால் தராத பசு

"இந்தப் பசுவால் எங்களுக்கு என்ன லாபம்?" என்று மீனவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் புல்வெளியில் இருக்கிறது. நண்டும் இறாலும் பல வகை மீன் குஞ்சுகளும் கடல் புல்லுக்குள் ஒளிந்துதான் வளர்கின்றன. புல் இருந்தால் ஆவுளியா இருக்கும். புல் இருந்தால் வலையில் நண்டும் விழும். மேய்ந்த இடத்தில் புல் புதிதாகத் துளிர்க்கிறது. பசு வாழும் இடத்தில் மீனவரும் வாழலாம்.

இன்று ஊர் பெயர் தெரியாத மாணவர் ஒருவர் வந்து மணமேல்குடிப் பெரியவரிடம் பாடம் கேட்கிறார். நாளைக்கு அந்தப் பெரியவரின் பேரனோ பேத்தியோ உதவித்தொகையில் படித்து, அதே கடலில் ஆராய்ச்சிக்கு இறங்கலாம். அப்போது "கவர்மெண்டு ஆளா?" என்ற கேள்விக்கு இடமே இருக்காது. "நம்ம வீட்டுப் பிள்ளை" என்ற பதில்தான் இருக்கும்.

அந்த நாள் வரும்வரை ஆவுளியா இருக்க வேண்டும். பாக் விரிகுடாவின் அடியில், ஒரு சாண் அகலத்துக்கு அந்த உழவுச் சால் விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.